அண்ணனின் புத்திக்கு எதிராக நான் சொன்ன சாட்சி

1

போன சனிக்கிழமை மத்தியானம் சமையல்கட்டு மேஜையில் உட்கார்ந்து இந்த நாட்டுக் குடியுரிமைக்கான ஃபாரத்தை நிரப்பினோம். எழுதியது என் மகள் சபியா. டீயைக் குடித்துக்கொண்டே பதில் சொன்னது நான். இங்கிலாந்துக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. லேத் மிஷினில் நூல் பிசகாமல் கடைவேன். ஆனால் ஒரு ஃபாரத்தை என் முன்னால் போட்டால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

சபியாவுக்குப் பதினாலு வயசு. தமிழ் அவளுக்கு அரைகுறை. பேச்சில் பாதி இங்கிலீஷ், சாப்பாட்டில் முக்கால்வாசி ரொட்டியும் ஜாமும். ஆனால் கேள்வி கேட்க ஆரம்பித்தால் எங்கள் பூந்தமல்லிக் கோர்ட்டு வக்கீல்கள் தோற்றுப்போவார்கள்.

"அத்தா, உங்களுக்குப் புத்தி சரியா இருக்கா? இதுல கேக்குறாங்க."

"இன்னா கேள்விடி இது! நல்லாத்தான் கீதுன்னு எழுது."

எழுதினாள். அடுத்த வரிக்குப் போகாமல் பேனாவை மேஜையில் வைத்தாள். "பெரியத்தா இங்க வந்தா, இந்த எடத்துல என்ன எழுதுவாங்க?"

போன வருஷம் இதே மாசம் என் அண்ணன் மகள் நூருவின் கல்யாணத்துக்கு அவளை ஊருக்குக் கூட்டிப்போயிருந்தேன். அங்கே தெருப் பிள்ளைகள் அவளுடைய பெரியத்தாவைப் பைத்தியம் என்று சொல்லக் கேட்டிருக்கிறாள். ஒரு வருஷமாக அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள் போல.

"அவருக்குப் பைத்தியம்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

"டாக்டர் யாரும் சொல்லலே."

"அப்ப யாரு சொன்னா?"

கழுவி வைத்திருந்த கப்பை எடுத்து மறுபடியும் கழுவினேன். என்ன சொல்வது? சொன்னது நான்தான். பதினேழு வருஷத்துக்கு முன்னால், பள்ளிவாசலில், அல்லாவின் மேல் ஆணையாக நான்தான் சொன்னேன். பெற்ற பிள்ளையிடம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதனால் ஊர் ஜமாஅத்தாரான உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு எழுதுவது அதைவிட வெட்கம். ஆனால் இது சேர வேண்டிய இடம் நம் பள்ளிவாசல்தான்.

2

என் அண்ணன் ஜமாலை உங்களில் வயசானவர்களுக்குத் தெரியும். பூந்தமல்லியில் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பட்டா, பாகப்பிரிவினை, போலீஸ், ரேஷன், எதுவானாலும் நாலு வார்த்தை கேட்பார், காகிதத்தை எடுப்பார், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடிப்பார். மார்க்கச் சட்டத்திலும் அப்படித்தான். பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்கே சந்தேகம் வந்தாலும் மார்க்கக் கித்தாபைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஆள் வரும். எங்கள் வீட்டில் புத்தி என்று ஒன்று இருந்ததென்றால் அது அவரிடம்தான் இருந்தது. அப்போது நான் பாடி ஊரில் ஒரு பாக்டரியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னால் ஹஸ்ரத் பயான் பேசும்போது சொன்னது ஞாபகம் இருக்கிறது. மார்க்கம், உயிர், அறிவு, வம்சம், பொருள் என்ற ஐந்துக்கும் ஷரீஅத் காவல் நிற்கிறது, அறிவைக் காப்பதற்காகத்தான் குடி ஹராம் ஆனது என்றார். வீட்டுக்கு வருகிற வழியில் அண்ணன் சொன்னார்: "குடிக்காம இருந்துட்டா மட்டும் அறிவக் காப்பாத்திட்டோம்னு அர்த்தமாடா? இருக்கிற அறிவ நெசம் பேசறதுக்குச் செலவு பண்ணணும்." நான் தலையை ஆட்டினேன். பசி வேளை. காதில் வாங்கினேனே தவிர மனசில் வாங்கவில்லை.

அறுபத்திரண்டாம் வருஷம் அம்பத்தூர் பக்கம் பாக்டரிகளுக்காக நிலம் எடுத்தார்கள். அந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்கள் பிழைப்புப் போய் நின்றார்கள். அண்ணன் அவர்களுக்கு மனுமேல் மனுவாக எழுதினார். கடைசியில் பதினோரு பேருக்கு வேலை கிடைத்தது. அவர்கள் சந்தோஷத்தில் அண்ணனை ஏரிக்கரைக்கு அழைத்துப்போய்க் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். மதுவிலக்கு இருந்த காலம். ஆனாலும் அங்கே சரக்கு இருந்தது. "எங்க கையால ஒரு வாய் சாப்புடு நைனா" என்று கெஞ்சியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் அதைத் தொட்டிராத மனுஷன் அன்றைக்குத் தொட்டுவிட்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினார். அண்ணி மைமூனுக்கு மூக்கிலேயே தெரிந்துவிட்டது. பிள்ளை நூருவுக்கு மூணு வயசு, அண்ணியின் இடுப்பில் இருந்தாள். அண்ணி வீட்டுக்குள் வைத்துக் கத்தினாள். அண்ணனும் கத்தினார். வாசல் நிலைப்படியில் நின்றுகொண்டு, தெருக்குழாயில் குடத்தோடு நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, தலாக் என்று மூன்று தரம் சொல்லிவிட்டார்.

3

விடிந்ததும் ஜமாஅத்திலிருந்து ஆள் வந்தாயிற்று. சொன்னது சொன்னதுதானா, அந்தப் பெண் இன்னும் அந்த வீட்டில் இருக்கலாமா என்று கேட்டார்கள். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு விசாரணை.

அண்ணி அழுத அழுகையை நான் எழுத முடியாது. "தம்பி, எனக்கு அம்மா ஊடுன்னு ஒண்ணு இல்லேன்னு ஒங்களுக்குத் தெரியும். இந்தப் புள்ளயத் தூக்கினு நான் எங்க போவேன்? ஏதாச்சும் பண்ணுங்க." அவளுடைய அத்தாவும் அம்மாவும் ஆவடியில் அடுத்தடுத்த வருஷம் மௌத்தாகியிருந்தார்கள்.

எனக்கு ஒன்று தெரியும். குடித்துவிட்டுச் சொன்ன தலாக் விழுந்துவிடும், ஏனென்றால் குடித்தது அவன் குற்றம். புத்தி கெட்டவன் சொன்னது விழாது. தூங்குகிறவன், சின்னப் பிள்ளை, பைத்தியம் இந்த மூவர் செய்வதும் அல்லாவின் கணக்கில் எழுதப்படுவதில்லை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அண்ணன்தான். சாராய வாசனை அண்ணியையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பெரிய மூளைக்காரன் நான்!

அதோடு நிறுத்தினால் பாதிப் பொய். அண்ணிக்காக மட்டும் நான் அதைச் செய்யவில்லை. குடிகாரக் குடும்பம் என்று பேர் வந்தால் எனக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அப்போது எனக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. குடி என்றால் குற்றம் எங்களுடையது. பைத்தியம் என்றால் அல்லா செய்தது, எங்களைப் பார்த்து நாலு பேர் பாவம் என்பார்கள். எங்கள் பழியைத் தூக்கி அல்லாவின் மேல் போட்டேன். தௌபா, தௌபா.

அண்ணனிடம் போய், "நீங்க வாயத் தொறக்காதீங்க. அண்ணிய நெனச்சிக்குங்க, புள்ளய நெனச்சிக்குங்க" என்றேன். அவர் குற்றவாளியாகக் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். என்ன சொல்லப்போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

பள்ளிவாசலில் ஹஸ்ரத் அவரிடம், "இன்னா ஜமால், சொன்னியா?" என்றார். அண்ணன் தரையைப் பார்த்தார். ஹஸ்ரத் என் பக்கம் திரும்பினார். "ஊட்டு மனுசன் நீ. நீ சொல்லுப்பா."

"அண்ணனுக்குக் கொஞ்ச நாளாவே புத்தி சரியில்ல ஹஸ்ரத். தானா பேசறாரு, தானா சிரிக்கறாரு. வெளிய தெரியக் கூடாதுன்னு மறச்சி வெச்சிருந்தோம். அல்லா மேல ஆணை."

அப்போதுதான் அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. எனக்கு என்னவோ ஆகிவிட்டதோ என்பதுபோல என்னைப் பார்த்தார்.

ஜமாஅத்தின் தலைவர் முத்தவல்லி அதை நோட்டில் எழுதினார். ஜமாலுக்குச் சித்தப்பிரமை, ஆகையால் தலாக் செல்லாது. சொன்னது தம்பி அப்துர் ரஹீம். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டரும் இல்லை, இரண்டாவது கேள்வியும் இல்லை.

4

பொய்யைச் சொல்வது சுலபம், அதற்குச் சோறு போட்டு வளர்ப்பதுதான் கஷ்டம். வைத்தியம் பார்க்காவிட்டால் சந்தேகம் வரும் என்று அண்ணனுக்கு மொட்டை அடித்து, தாயத்துக் கட்டி, நாற்பது நாள் ஒரு தர்காவில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். ஒரு மறுப்பும் சொல்லாமல் உட்கார்ந்தார். பக்கத்தில் உண்மையாகவே புத்தி தடுமாறியவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு இவர் கடிதம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த பிறகு மனு எழுத ஒருத்தரும் வரவில்லை. பைத்தியம் எழுதிய மனுவைத் தாசில்தார் வாங்குவாரா? நிக்காஹ் நோட்டில் சாட்சிக் கையெழுத்துக்கு அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், அதுவும் நின்றுபோயிற்று. தொழுகையில் முதல் வரிசையில் நின்றவரை, "பாய், கொஞ்சம் பின்னால போங்க" என்று மெதுவாக நகர்த்தி நகர்த்திச் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கோபப்பட்டால், "பாத்தியா, கெளம்பிடுச்சி" என்பார்கள். சிரித்தால், "தானா சிரிக்குதுடா." சும்மா இருந்தால், "இன்னிக்கி அமாவாசையா?" மனுஷன் எந்தப் பக்கம்தான் போவான்?

வீட்டிலும் அவர் படுக்கை முன்பக்கத்து அறைக்கு வந்துவிட்டது. மனு எழுதுகிற அறை அது. அண்ணியிடம் தேவைக்கு மேல் ஒரு பேச்சு இல்லை. பார்த்து நானே என்ன நினைத்தேன் தெரியுமா? உண்மையாகவே புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தேன். என் பொய்யை ஊரே நம்பியது போதாதென்று நானும் நம்ப ஆரம்பித்தேன். இதைவிடக் கேவலம் ஒருத்தனுக்கு வர முடியாது.

எனக்குக் கல்யாணம் நடந்தது. நல்ல இடம். பெண் வீட்டில், "பாவம், அண்ணன் அப்படி ஆயிட்டாலும் தம்பி தாங்கறாரு" என்று என்னைப் புகழ்ந்தார்களாம்.

5

இங்கே வந்த புதிதில் ஒரு நாள் எனக்குத் தலை பாரம். சூப்பர்வைசரிடம் தலை நன்றாக இல்லை என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவைத்தேன். அவர் பயந்துபோய் என்னை நர்ஸ் அறைக்கு அனுப்பினார். அந்த அம்மா இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், உன் வீட்டு நம்பர் என்ன என்று ஒவ்வொன்றாக என்னிடமே கேட்டாள். அரை மணி நேரம். கடைசியில் ஒரு மாத்திரையைக் கொடுத்துச் சிரித்து அனுப்பினாள். வெளியே வந்து நின்றபோதுதான் உறைத்தது. அந்நிய நாட்டில் ஒரு கறுத்த கூலிக்காரனுக்குப் புத்தி இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவனையே அத்தனை கேள்வி கேட்கிறார்கள். கூடப்பிறந்த அண்ணனின் புத்தியைப் பற்றி அவரையே ஒரு கேள்வி கேட்கக்கூட நான் இடம் விடவில்லை.

நான் இங்கே வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அறுபத்தேழில் இங்கிலாந்தில் வேலைக்கு உத்தரவு வந்தது. கத்தை ஃபாரம். யாரிடம் போவேன்? அண்ணனிடம்தான் போனேன். ஊருக்குப் பைத்தியம், எனக்கு ஃபாரம் வந்தால் மட்டும் எழுத்தர். முன்பக்கத்து அறையில் பாய் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லி, பதிலை இங்கிலீஷில் எழுதிக்கொண்டே வந்தார். அச்சடித்த மாதிரி எழுத்து. மருத்துவப் பக்கத்தில் ஒரு கேள்விக்கு வந்ததும் நிறுத்தினார்.

"குடும்பத்துல யாருக்காச்சும் புத்தி சம்பந்தமா நோவு உண்டான்னு கேக்குறான்."

நான் சுவரைப் பார்த்தேன். அண்ணன் அவசரப்படவில்லை. பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

"சொல்லுடா. இன்னான்னு எழுதட்டும்?"

"இல்லேன்னு எழுதுங்க."

"இல்லே. சரி." எழுதினார். மை காய ஊதினார். அடுத்த கேள்விக்குப் போனார்.

பள்ளிவாசலில் உண்டு என்றேன், வெள்ளைக்காரன் காகிதத்தில் இல்லை என்றேன். இரண்டும் அவர் முகத்துக்கு நேரே. அந்த ஃபாரத்தில் ஒரு பிழைகூட இல்லை என்று மதராஸ் ஆபீஸில் பாராட்டினார்கள். நான் பேசாமல் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினேன்.

6

இனி நூருவின் கல்யாணத்துக்கு வருகிறேன். போன வருஷம் நான் குடும்பத்தோடு வந்து இறங்கியதும் புதிதாக வந்த ஹஸ்ரத் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷன், சட்டத்தை மட்டும் பார்க்கிறவர். "நோட்டுல பொண்ணோட அத்தாவுக்குப் புத்தி சரியில்லேன்னு இருக்கு. அவரு வலீயா இருக்க முடியாது. நீங்கதான் சித்தப்பா, நீங்க உக்காருங்க." வலீ என்றால் பெண்ணுக்குப் பொறுப்பாக உட்கார்ந்து மாப்பிள்ளை கையைப் பிடித்துக் கொடுக்கிறவர். பெற்றவன் இருக்கும்போது வேறு யாரும் செய்யக் கூடாத காரியம். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கல்யாணத்தன்று காலையில் பிரியாணி அண்டா அடுப்பில் ஏறிய நேரம் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, இத்தினி வருசமா நான் ஒங்க கிட்ட ஒண்ணு சொல்லல. தர்காவுலேருந்து வந்த அன்னிக்கே அவரு என்ன உக்கார வெச்சி சொல்லிட்டாரு. மைமூன், நான் குடிச்சிருந்தேன், ஆனா புத்தியோடதான் சொன்னேன், அது விழுந்துடுச்சி, நீ இனிமே எனக்கு அந்நியப் பொம்பளன்னாரு. ஒனக்கு வேற எடம் பாக்கணும்னாலும் பாருன்னாரு. நான் எங்க போறது? புள்ள கீதேன்னு இருந்துட்டேன். ஊட்ல ஒங்கம்மா இருந்த வரைக்கும் அவங்க தொணை, அதுக்கப்பறம் நூரு. நாங்க தனியா ஒரு நாள் இருந்ததில்ல. பதினாறு வருசம் தம்பி."

அடுப்புப் பக்கம் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"எனக்காகத்தானே அன்னிக்கி பொய் சொன்னீங்க? எனக்கு இன்னா கெடச்சிது சொல்லுங்க. புருசனும் போய்ட்டாரு, அவரு பேரும் போய்ட்டுது."

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் பார்க்கப் போய்விட்டாள்.

பைத்தியம் என்று நாங்கள் பின்வரிசைக்குத் தள்ளிய மனுஷன், யாரும் பார்க்காத இடத்தில், தனக்கு எதிராகவே சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். படுக்கையை முன் அறைக்கு எடுத்துப்போனதைப் பார்த்து நான் அவருக்குப் புத்தி கெட்டது என்றேனே!

பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்கிற தொட்டியருகே அண்ணனைப் பிடித்தேன். புதுச்சட்டை போட்டிருந்தார். "அண்ணே, எல்லாம் கேட்டுட்டேன். இப்பவே ஹஸ்ரத் கிட்ட போய்ச் சொல்லிடறேன்."

"இன்னா சொல்லுவே?"

"நான் சொன்னது பொய்ன்னு."

"சொன்னா ஒன்ன பொய்ச்சாட்சிக்காரன்னு அதே நோட்டுல எழுதுவாங்கடா. ஒரு ஊட்ல ஒருத்தன் பேரு கெட்டது போதாதா? அதுக்காவத்தானே இத்தினி நாளு நான் வாயத் தொறக்கல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, மனு எழுத வந்தவனிடம் விவரம் கேட்கும் அதே குரலில் சொன்னார்: "அத வுடு. இப்ப வேற விசயம் கீது. புத்தியுள்ள அத்தா இருக்க, அவன் சம்மதம் இல்லாம சித்தப்பா பண்ணிக் குடுத்தா நிக்காஹ் செல்லாது. நாளைக்கி என் மவளுக்கு ஒரு கொறயும் வரக் கூடாது. அதனால, என் மவ நூர்ஜஹானை நிக்காஹ் பண்ணிக் குடுக்க நான் ஒன்ன என் சார்புல பேசற வக்கீலா வெக்கிறேன். ஏத்துக்கினேன்னு சொல்லு."

நான் தொட்டியில் கையை விட்டுக் கழுவ ஆரம்பித்தேன்.

"சொல்லுடா, நேரம் ஆவுது."

"ஏத்துக்கினேன்."

"உள்ள போயி, ஜமால் மவன்னு என் பேரச் சொல்லிக் குடு. அது போதும்."

உள்ளே போனேன். மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். நின்று உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அண்ணன் வேண்டாம் என்றார் என்று மனசுக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டு, மாப்பிள்ளை கையைப் பிடித்து, ஜமால் மகள் நூர்ஜஹானை உமக்கு மணமுடித்துக் கொடுத்தேன் என்றேன். அந்த ஒரு வரியைத் திக்கித் திணறித்தான் சொன்னேன். கடைசி வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில், அண்ணன் கையேந்தி ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளிவாசலில் அந்த நிக்காஹ் ஏன் செல்லும் என்று என்னைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் அவர்.

7

ஒரு வருஷம் ஓடிவிட்டது. எழுதலாம் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். உண்மையை ஜமாஅத்துக்கு எழுதட்டுமா என்று அண்ணிக்கு மட்டும் கடிதம் போட்டுக் கேட்டேன். நூருவிடம் எழுதச்சொல்லி ஒரே வரி பதில் போட்டாள்: எழுதுங்க தம்பி. அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், மறுபடியும் எனக்குச் சாக்குக் கிடைத்துவிடும்.

குடி மனுஷனின் அறிவை ஒரு சாயங்காலம் மறைக்கும். மறுநாள் காலையில் அது திரும்பி வந்துவிடும். நான் சாராயத்தைத் தொட்டதே இல்லை. தொடாமலே ஒரு மனுஷனின் அறிவைப் பதினேழு வருஷம் அவரிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தேன். இதற்கு என்ன தண்டனை என்று கித்தாபில் தேட எனக்குத் தெரியாது. தெரிந்தவர் அவர்தான்.

முத்தவல்லி அவர்களுக்கும் ஜமாஅத்தாருக்கும் சொல்கிறேன். அறுபத்திரண்டாம் வருஷத்து நோட்டை எடுங்கள். ஜமாலுக்குச் சித்தப்பிரமை என்ற வரியை அடியுங்கள். அவர் அன்றைக்குக் குடித்திருந்தார். அது அவர் செய்த தப்பு. அதற்குத் தனக்குத்தானே தண்டனை விதித்து, முழுசாக அனுபவித்துவிட்டார். பைத்தியம் அவருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. அடித்த வரிக்குப் பக்கத்தில், இந்தச் சாட்சி சொன்ன அப்துர் ரஹீம் அல்லாவின் மேல் பொய்யாணை இட்டவன் என்று எழுதுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் எல்லாரும் கேட்கப் படியுங்கள். அவரை முதல் வரிசைக்குக் கூப்பிடுங்கள்.

இனிமேல் நம் பள்ளியில் எந்த நிக்காஹ் நடந்தாலும் என் கையெழுத்தைச் சாட்சிக்கு வாங்காதீர்கள். அவருடையதை வாங்குங்கள்.